காளான் பெட்டி

பொம்மிடி ரயில் நிலையத்தில் பெங்களூர் வண்டிக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செல்வி, மடியில் துண்டு விரித்து ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்திருக்கிறார். தெர்மாகோல் என்று நினைத்துத் தொடுகிறேன். மேல்புறம் தோல்போல மெத்தென்று இருக்கிறது.

"காளானுங்க," என்று சிரிக்கிறார். "சோளத்தட்டத் தூள்ல காளான் வெதையக் கலந்து அச்சுல வெச்சா, நூல் நூலா வளந்து இப்படி இறுகிக்கும். அப்புறம் காய வெச்சிடணும். கண்ணாடிச் சாமான் பேக் பண்றதுக்கு பெங்களூர்ல ஒரு கம்பெனி மாதிரி கேக்குதுங்க."

வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் அவரே வளர்த்தது. முதலில் செய்தவை ஈரத்தில் கெட்டுப் போயின. இது தேறினால் ஆர்டர் வரும். பெங்களூரில் மூட்டை தூக்கும் கணவர் ஊருக்கே வந்து இவரோடு சேர்ந்து வேலை செய்யலாம்.

"எடுத்துக்குவாங்களா?" என்கிறேன்.

"தெரியலைங்க. வூட்டுக்காரரு பொங்கலுக்கு வந்துட்டுப் போனவரு. கொட்டாயில ஒத்தையா நிக்கறப்பல்லாம் அவரு நெனப்புதான்."

வண்டி வருகிறது. பெட்டியை மேல்பலகையில் வைக்காமல் நெஞ்சோடு அணைத்தபடி உட்காருகிறார். போன் அடிக்கிறது. கணவர்தான்.

"ஏறிட்டனுங்க," என்றவர், ஜன்னல் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்துகிறார்.

"திரும்பறப்ப ரெண்டு டிக்கெட்டா எடுத்துரலாங்களா?"