மெஷின் சத்தத்துக்கு மேலே ஒரு கதை

அன்று மாலை ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபத்துக்குக் கீழே காவிரி மணலில் இருந்தவர்கள்: தபால்காரர் சிங்காரம், தமிழ் வாத்தியார் கோதண்டம், ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை ராஜகோபால், என் கதையைச் சத்தமாகப் படிக்க வந்த மைத்துனன் சேது, தலையைக் குனிந்துகொண்டு மணலைக் கிளறிய நான். கதை எழுதுவதில் எழுதும் வேலை சுலபம். எழுதியதைத் திருத்தும்போதுதான் உயிர் போகும். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு காப்பிப்பொடிக் கடையில் நிறுத்துக் கொடுக்கும் வேலை. அதுவரை பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. இந்த ஒன்று மட்டும், "பாதிக்கும் கீழே குறைத்து அனுப்பினால் தீபாவளி மலருக்குப் பார்க்கலாம்" என்ற குறிப்போடு வந்தது. இதுவும் திரும்பினால் பேனாவை மூடிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஆளுக்கு ஒரு திருத்தம்

கதை இவ்வளவுதான்: ஊரிலிருந்து வரும் தம்பிக்காக ஓர் அக்கா சோற்றுத் தூக்கோடு பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறாள். தம்பி பஸ்ஸுக்குள் இருந்தபடியே அவளைப் பார்க்கிறான், இறங்காமல் போய்விடுகிறான்.

வாத்தியார் இயற்கை வருணனை வேண்டும் என்றார். கணக்குப்பிள்ளை தம்பிக்கு ஒரு காதலி கேட்டார். சிங்காரம் ஒரு கோயில் சீன் கேட்டார். எனக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராது. எல்லாவற்றையும் சேர்த்து, அடுத்த வாரம் அதே மணலில் சேதுவைப் படிக்கச் சொன்னேன். முடிந்ததும் கணக்குப்பிள்ளை கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. அந்த அக்கா எங்கங்க போனா?"

சுத்தப் பிரதி

மறுபடி பழைய கதையை எடுத்தேன். ஒரு வரியை அடித்தால் பக்கம் அசிங்கமாகத் தெரியும். அசிங்கமான பக்கத்தை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வராது. உடனே அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதுவேன். எழுதும்போது இரண்டு வரி கூடுதலாக வந்து உட்காரும். அப்படியே ஒரு மாதம் போயிற்று. இருநூற்றுப் பதினோரு வாக்கியமாக இருந்த கதை இருநூற்று நாற்பதைத் தாண்டியது. காப்பி கொண்டுவந்து வைத்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, கதையைக் குறைக்கிறீங்களா, வளக்கிறீங்களா?"

ஊறப்போடுதல்

கொஞ்ச நாள் பெட்டியில் போட்டு மறந்துவிட்டால் குறை தானே தெரியும் என்றார் வாத்தியார். போட்டேன். காகிதம்தான் பெட்டிக்குள் போனது. கதை என்னோடு கடைக்கு வந்துவிட்டது. அக்கா அழலாமா, கூடாதா என்று யோசித்துக்கொண்டே பொட்டலம் கட்டினேன். மறுநாள் காலையில் ஸ்ரீரங்கத்து வாடிக்கைக்காரர் ஒருவர் பொட்டலத்தோடு வந்து நின்றார். "ஓய், சிக்கரி கால் பங்குன்னுதானே கேட்டேன்? நீர் காப்பியைன்னா கால் பங்கு போட்டிருக்கீர்!"

அரவை

எங்கள் கடையில் காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷினை ஓட்டியவர் பாலக்கரை காதர். அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. சிக்கரி விவகாரத்துக்குப் பிறகு, "அப்படி என்னண்ணே யோசனை? சொல்லுங்க, கேப்போம்" என்று பிடித்துக்கொண்டார். சொல்ல ஆரம்பித்தேன். "கேக்கல, சத்தமா!" என்றார். வாழ்க்கையில் நான் கத்தியதே கிடையாது. கத்தினேன்.

அப்போதுதான் அந்த அதிசயம். 'மேற்கு வானம் குங்குமம் குழைத்தாற்போல' என்று கத்த வாயெடுத்தேன். வரிசையில் நின்றவர்களைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. "பொழுது சாஞ்சிடுச்சு!" என்று மட்டும் கத்தினேன். அக்காவின் மனப்போராட்டம் ஒன்றரைப் பக்கம். கத்தத் தெம்பில்லை, விட்டேன். "தம்பி பஸ்லதான் இருந்தான்! பாத்தான்! இறங்கல!" என்றேன். கொட்டை தீர்வதற்கு முன்பே காதர் மெஷினை நிறுத்தினார். பிறகு கேட்டார்: "அப்ப அந்தச் சோத்த அக்கா என்னண்ணே பண்ணுச்சு?"

கார்டு

கத்திய வரிகளை மட்டும் அன்று சாயங்காலம் எழுதினேன். ஓர் அடித்தல் இல்லை. சேர்க்கவும் எதுவும் தோன்றவில்லை. மறுநாளே தபாலில் சேர்த்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் சிங்காரம் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கையில் கார்டு. என்னிடம் கொடுக்கும் முன்பே படித்திருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் கையை நீட்டுவதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "மலர்ல போடறாங்களாம்! நான் சொன்ன கோயில் சீனை எடுத்துடலியே?"

ஊருக்குப் பயந்து குசுகுசுவென்றே பேசி வளர்ந்த எனக்குக் கத்திப் பார்ப்பதுதான் ஒத்துவந்த திருத்தம் என்று ஆயிற்று. கதையில் முதலில் இருந்த இருநூற்றுப் பதினொன்றில், மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தத் தகுந்ததாக மிஞ்சிய வாக்கியங்கள் எண்பத்து மூன்று.