ரசமட்டம் போட்ட தரை

என் அக்கா பொம்மை செய்கிறவள். கடையில் வாங்கிக் குழந்தை கையில் கொடுக்கிற பொம்மை இல்லை. மேடையில் நூலில் ஆடுகிற, இடுப்பு உயர மரப்பொம்மை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு பட்டறையில் வேலை பார்த்தாள். தலை செதுக்குவது அவள், மூட்டுக்குத் தோல் தைப்பது அவள், நூல் கட்டுவது அவள். சுவரொட்டியில் மட்டும் முதலாளி பெயர். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள். "வேலை செய்யுற கைக்கு எதுக்கும்மா பேரு?" என்று அந்த ஆள் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. உளிகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். "போ, போ. பசிச்சா தானா வருவே" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கொடுத்தானாம்.

வீட்டிலேயே பட்டறை போடுவது என்று முடிவாயிற்று. சிறுவர் அரங்கம் நடத்துகிற அம்மாள் ஒருவர் இருக்கிறார். எங்களுக்கு அவர் அரங்கம்மா. புது நாடகத்துக்கு ஏழு பொம்மை கேட்டார். "மேடையில ஒழுங்கா நடக்கட்டும், இனிமே எங்க வேலை எல்லாம் உனக்குத்தான். இல்லேன்னா நான் பழைய இடத்துக்கே போகணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அக்காவும் அவர் பின்னாலேயே அதே முதலாளி பட்டறைக்குத் திரும்ப வேண்டியதுதான். அவன் இன்னொரு தடவை சிரிப்பான்.

பின்கட்டு அறையில் ஒரு குடும்பத்தின் மொத்தக் குப்பையும் இருந்தது. கால் உடைந்த கட்டில், மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி, யாரும் ஓட்டாத சைக்கிள். அக்காவும், அதே வீட்டு மாடியில் குடியிருக்கிற நானும் எல்லாவற்றையும் வெளியே தள்ளினோம். பழைய கதவு ஒன்றைக் கிடத்தி மேஜை ஆக்கினாள். சுவரில் ஆணி அடித்து அரமும் உளியும் அளவுவாரியாகத் தொங்கவிட்டாள். ஜன்னலைத் தேய்த்துத் தேய்த்து வெளிச்சத்தை உள்ளே கொண்டுவந்தாள். தரை மட்டும் குண்டும் குழியுமாக இருந்தது.

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, கொத்தனார். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைச் சட்டைப்பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டு திரிவதால் தெருவில் அவருக்கு 'ரசமட்டம்' என்றே பெயர். "வெளியாள் எதுக்கு? நானே போட்டுத் தர்றேன்" என்று அவராகவே முன்வந்தார். பட்டறை என்று பேச்செடுத்தாலே கொட்டாவி விடுகிற மனுஷன். எங்களுக்கு வாயெல்லாம் பல். நான் டீ போட்டுக் கொடுத்தேன், இரண்டு தடவை. இப்போது நினைத்தால் அந்த டீயில் உப்பை அள்ளிப் போட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

நூல் கட்ட அக்காவுக்கு ஒரு முறை உண்டு. நூல்கள் வந்து சேருகிற பிடிகட்டையை மேலே கொக்கியில் மாட்டுவாள். பொம்மையின் இரண்டு பாதமும் தரையில் படிகிற மாதிரி நிறுத்துவாள். பிறகுதான் ஒவ்வொரு நூலாக இழுத்து முடிச்சுப் போடுவாள். அளவுகோலை நம்ப மாட்டாள். தரைதான் அவளுக்கு அளவு. முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்று எல்லாப் பொம்மையையும் ஜன்னலைப் பார்த்தே நிறுத்துவாள். கட்டி முடித்ததும் நடக்கவிட்டுக் காதால் கேட்பாள். டக், டக். இரண்டு காலும் ஒரே மாதிரி சத்தம் போட்டால்தான் அடுத்த பொம்மை. கண்ணுக்கு வைக்கிற மணி கைதவறினால் எப்போதும் ஜன்னலுக்கு இடப்பக்கம் இருக்கிற அலமாரி மூலைக்கே உருண்டு போகும். "சனியனே, உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று மணியைத்தான் திட்டினாள். தரையைச் சந்தேகிக்கவில்லை. கட்டின புருஷன் போட்ட தரை ஆயிற்றே.

ஒத்திகைக்கு ஏழு பொம்மைகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். மேடையில் முதலில் ராஜா வந்தார். டக். அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி டக். இடது கால் தரையைத் தொட்டால் வலது கால் அந்தரத்தில் தொங்கியது. ராஜா நொண்டி, ராணி நொண்டி, திருடன் நொண்டி, அவனைத் துரத்துகிற காவல்காரனும் நொண்டி. அரங்கில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அரங்கம்மா சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை இன்னொரு தடவை பாக்குறேன். அப்பவும் இப்படின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார்.

வீடு வரும்வரை அக்கா ராஜாவின் நூல்களையே இழுத்து இழுத்துப் பார்த்தாள். வந்ததும் நேரே பின்கட்டுக்குப் போய், தரையில் ஒரு மணியை உருட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தரை கோணலா இருக்கு" என்றாள்.

மாமா கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "யார் போட்ட தரையைப் பாத்து யாரு பேசுறது? உனக்கு நூல் கட்டத் தெரியலேன்னு சொல்லு."

அக்கா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அறை நடுவில் கவிழ்த்தாள். தண்ணீர் யோசிக்கவே இல்லை. ஒரே ஓட்டமாக அலமாரி மூலைக்குப் போயிற்று. நாங்கள் அலமாரியை நகர்த்தினோம். மூலையில் ஒரு கல் மட்டும் பூசாமல் சும்மா கிடந்தது. அதன் இடுக்கில் தண்ணீர் களக் களக் என்று இறங்கிக்கொண்டிருந்தது. கல்லைப் புரட்டினால் கீழே குழாய்.

கைகழுவிவிட்டு வந்த மாமா எட்டிப் பார்த்தார். தொழில் புத்தி எங்கே போகும்? "பாத்தியா, ஒரு சொட்டு தேங்குதா?" என்று பெருமையாகக் கேட்டார். கேட்ட பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"பொம்மைப் பட்டறைக்கு எதுக்குங்க தண்ணி போற குழாய்?"

"அது... பின்னாடி உதவுமேன்னு."

"எதுக்கு உதவும்?"

"கோவிச்சுக்காத. நீ ஆசைக்குக் கொஞ்ச நாள் செய்வே. அப்புறம் அலுத்துப் போகும். வாஷிங் மெஷின் வைக்க இடம் வேணாமா? அதுக்காக வாட்டம் விட்டுப் போட்டேன். நாளைக்கு மறுபடி உடைக்கிற வேலை மிச்சம்தானே?"

வாட்டம் என்றால் தண்ணீர் வடிவதற்காக விடுகிற சரிவு. குளியலறைக்கு விடுவார்கள். கை தவறிய வேலை இல்லை அது. கணக்குப் பார்த்து, ரசமட்டம் வைத்து, சுத்தமாகச் செய்த வேலை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டறை முதலாளியாவது முகத்துக்கு நேரே சிரித்தான். இவர் எங்கள் டீயையும் குடித்துவிட்டு, மூலையில் ஓட்டை வைத்து, அதன்மேல் கல்லையும் போட்டு மூடியிருக்கிறார்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் குரல் ஏறவே இல்லை. "நான் தோத்துப்போனா தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு மொதல்லயே யோசிச்சு வச்சிட்டீங்க" என்றாள்.

மாமா காலால் கல்லைத் தள்ளி ஓட்டையை மூடப் பார்த்தார்.

அவர் சட்டைப்பையிலிருந்து ரசமட்டத்தை அவளே உருவிக்கொண்டு என் மாடிக்கு ஏறினாள். என் வீட்டுக் கூடத்தை மூலைக்கு மூலை சோதித்தாள். குமிழி நடுவில் நின்றது. உத்தரத்தில் கொக்கி அடித்தோம். ஏழு பொம்மைகளின் நூலையும் அறுத்து, முதலிலிருந்து கட்டினாள். நான் பொம்மைகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு முடிச்சையும் யாரோ ஒருவர் கழுத்தை நெரிக்கிற மாதிரிதான் இறுக்கினாள். திங்கட்கிழமை ராஜா இரண்டு காலாலும் நடந்தார். அரங்கம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சுவரொட்டியில் போட அக்காவின் முழுப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் மாமா நினைத்தார். "சரி, சரி, நானே உடைச்சு மட்டமாப் போட்டுத் தர்றேன்" என்று இறங்கி வந்தார். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த தெருவிலிருந்து வேறு கொத்தனாரைக் கூட்டி வந்தாள். மாமாவிடம் தொழில் பழகி, இப்போது தனியாக வேலை பிடிக்கிறவன். வாசலில் மாமாவைப் பார்த்ததும் அவன் தயங்கி நின்றுவிட்டான். எதிர்வீட்டு ஜன்னல்களில் எல்லாம் தலைகள்.

"அண்ணன் இருக்கும்போது நான் எப்படிக்கா...?"

"அவரு நல்ல கொத்தனார்தான்" என்றாள் அக்கா, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "எனக்குத் தரை போட மட்டும் அவருக்கு வராது. சித்தாள் வேலைக்கு ஆள் வேணும்னா அவரைக் கேட்டுப் பாரு."

அவன் எப்படிக் கேட்பான்? கேட்கவில்லை.  மாமாவே சட்டையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு மணல் குவியலுக்குப் போனார். அன்று முழுக்க அவர் மணல் சுமந்தார். அக்கா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டீ போட்டுக் கொடுக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு, "கொத்தனாருக்கு மட்டும் கொடு" என்றாள்.