லைட்டா ஒரு புண்ணு

'எ லிட்டில்', 'எ ஃப்யூ', 'எ பிட்' – எதை எங்கே சொல்வது என்று உளுந்தூர்பேட்டை வாசகி ஒருவர் போனில் கேட்டார். சாம்பாரை வைத்துச் சொன்னேன். உப்பு என்றால் எ லிட்டில். மிளகாய் என்றால் எ ஃப்யூ. எண்ண முடிந்தால் ஃப்யூ, முடியாவிட்டால் லிட்டில். சமைத்து முடித்து அலுப்பாக இருந்தால் எ பிட் டயர்ட்!

"நம்ம ஊருல எல்லாத்துக்கும் 'லைட்டா'ன்னு ஒண்ணே போதுமே சார்!" என்று அந்தம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் கொளஞ்சியைப் பார்த்தேன்... அதோடு சிரிப்பு போச்சு.

கொளஞ்சி வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். நான் மலைக்குப் போனால் அவர் வண்டிதான். இப்போது கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். வலது காலில் பெரிய கட்டு. விரல்களோடு பாதிப் பாதத்தை எடுத்துவிட்டார்களாம்.

என்னய்யா ஆச்சு?

"லைட்டா சுகர் இருந்துச்சு சார். செருப்பு கடிச்சு லைட்டா புண்ணு. வலியே இல்ல. சரி, பலாப்பழ லோடு முடியட்டும்னு ஓட்டிக்கினு இருந்துட்டேன்..."

சுகரில் என்னங்க லைட்டு? 'எனக்கு நிறைய சுகர்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எல்லாருக்கும் லைட்டாதான். நெஞ்சு லைட்டா பிடிக்கும், தலை லைட்டா சுத்தும். டாக்டர் எதிரே உட்கார்ந்தாலும் அதே பாட்டு! பெரிதாகச் சொன்னால் பெரிதாகிவிடும் என்று ஒரு பயம். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாதே என்கிற கவலை வேறு. சுகர்காரருக்குப் புண் வலிக்கவில்லை என்றால் அதுதான் ஆபத்து. இதை யாராவது கொளஞ்சிக்கு உறைக்கிற மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா?

ஆனால் ஒன்று. ஜீப் விஷயத்தில் இந்த மனுஷன் இப்படி இல்லை.

ஒருமுறை மலை ஏறும்போது பிரேக்கில் ஏதோ கீச்சென்றதாம். எனக்குக் கேட்கவே இல்லை. கொளஞ்சி உடனே ஓரம் கட்டிவிட்டார். எங்களையெல்லாம் இறக்கி, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறச் சொன்னார். அதில் நிற்கக்கூட இடமில்லை.

"லைட்டாதானேய்யா சத்தம்?" என்றேன் கடுப்பில்.

"மலை ரோட்டுல லைட்டான்னு ஒண்ணு கெடையாது சார். ஏறுங்க."

இனி அந்த ரோட்டில் அவர் வண்டி ஓட்ட முடியாது. பிரேக்கை மிதித்த கால்தான் போய்விட்டது. நினைக்க நினைக்க எனக்கு மனசே ஆறவில்லை.

கிளம்பும்போது அவர் மனைவி அஞ்சலை வாசல் வரை கூட வந்தார். ஜீப்பை விற்றுவிடும்படி கொளஞ்சியே சொல்லிவிட்டாராம். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த அழுகையிலும் ஒரு கோபம்...

"அந்தக் காலு ஜீப்போட பார்ட்டா இருந்திருந்தா, கீறல் வுழுந்த அன்னிக்கே ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருப்பாருண்ணா!"