மஞ்சள் அங்கி

லோர்னாவுக்கு வாய் ஓயாது. அமெரிக்காவில் டுலூத் நகரத்து மழலையர் பள்ளிக்குச் சமையல் உதவியாக வந்தவளை, பிள்ளைகளோடு அவள் அடித்த அரட்டைக்காகவே வகுப்புக்கு மாற்றினார்கள். அப்படிப்பட்டவளுக்குப் போய் மஞ்சள் அங்கியை மாட்டிவிட்டார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அங்கியைப் போட்டுவிட்டால் அவள் அங்கே இல்லை என்று அர்த்தம். மூலையில் உட்கார்ந்து, கண்டதையும் கேட்டதையும் எழுத வேண்டும். பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு இருப்பதைப் பார்த்தால்தான் சொல்லிக்கொடுப்பதைத் திருத்த முடியுமாம். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆபத்து இல்லாதவரை பிள்ளை எது கேட்டாலும் பதிலும் கூடாது, உதவியும் கூடாது. மீறினால் குறிப்பு செல்லாது. “மஞ்சள் போட்டா மிஸ் லோர்னா காணாமப் போயிடுவாங்க” என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள்.

நான்கு வயது டெல்லா பள்ளியில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. “வீட்ல இவ வாயை மூட வைக்கவே முடியல, சத்தியமா” என்று அவள் அம்மா நாடின் சொன்னாள். யார் நம்புவது?

தலைமை ஆசிரியை பெவர்லி கறாராகச் சொல்லிவிட்டாள்.

“டெல்லாவைப் பத்தி முடிவெடுக்கிற வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குள்ள அவ தானாப் பேசினதா ஒரு குறிப்பு இருக்கணும். இல்லேன்னா ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிறப்புப் பள்ளிதான். நீ பேச்சுக் கொடுத்து வரவழைச்சா அது கணக்குல வராது, லோர்னா.”

அவ்வளவு தூரம் கொண்டுபோய் விட நாடினிடம் காரும் இல்லை, வேலையில் லீவும் இல்லை.

வியாழக்கிழமை, பனியில் விளையாடிவிட்டுப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். இன்னொரு ஆசிரியை அவர்களைக் கை கழுவ அழைத்துப் போனாள். டெல்லா மட்டும் பனி உடுப்போடு நின்றாள். ஜிப் கழுத்தடியில் சிக்கிக்கொண்டிருந்தது. இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஹீட்டர் சூட்டில் முகம் சிவந்துவிட்டது. லோர்னா மஞ்சள் அங்கியோடு உட்கார்ந்திருந்த மூலைக்கு நேரே வந்தாள்.

“மாட்டிக்கிச்சு. கழட்டி விடுங்க.”

லோர்னா ஆ என்று வாய் திறந்தாலும் போச்சு, கை நீட்டினாலும் போச்சு. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினாள்.

“சூடா இருக்கு.”

எழுதினாள்.

“மிஸ் லோர்னா, ப்ளீஸ்.”

அதையும் எழுதினாள். தாளிலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது. நிமிர்ந்தபோது டெல்லா சுவரில் மாட்டியிருந்த கோட்டுகளுக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மற்ற ஆசிரியை திரும்பி வந்துதான் ஜிப்பைக் கழற்றினாள்.

கூட்டத்தில் மறுபேச்சே இல்லை. டெல்லா இங்கேயே இருக்கலாம் என்று முடிவாயிற்று. “பிரமாதமான குறிப்பு” என்றாள் பெவர்லி. லோர்னா அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

வெளியே வராந்தாவில் காத்திருந்த நாடின் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“என்ன சொன்னா? அப்படியே சொல்லுங்களேன்.”

டெல்லா பேசியதை லோர்னா ஒரு சொல் விடாமல் சொன்னாள். நாடின் அழுகையோடு சிரித்தாள்.

“ஜிப் சிக்கினா அவளுக்குப் பயம். வீட்ல என்னைத் தவிர யாரையும் கூப்பிட மாட்டா. உங்களைக் கூப்பிட்டிருக்கா பாருங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உடனே கழட்டி விட்டீங்கல்ல?”

“இல்ல” என்றாள் லோர்னா.

நாடின் அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள்.