தலையாட்டாத மகேஸ்

மகேஸ்வரி தன் வீட்டில் மாரடைப்பில் இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது, நான் வார்டில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கைப்பேசியைப் பார்த்தேன். பிறகு அடுத்த கையுறையை மாட்டிக்கொண்டேன். தாதிகளான நம் வேலை அப்படி. அழுவதற்குக்கூட மாற்று ஆள் வர வேண்டும்.

ஜார்ஜ்டவுனில் ஒரே தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் இருவரும் தாதிகளாக இருந்தோம். அவள் அக்கரையிலுள்ள புக்கிட் மெர்தாஜாமிலிருந்து படகில் கடல் தாண்டி வருவாள். வழியில் பார்த்த கதையையெல்லாம் மயக்கத்தில் கிடக்கும் நோயாளிகளிடம் ஒப்பிப்பாள். "அங்கிள், இன்னிக்கு பெர்ரியில ஒரே கூட்டம்லா. சீக்கிரம் எழுந்து வாங்க, உங்களுக்கு இடம் பிடிச்சுத் தர்றேன்." பதில் வராது என்பதை அவள் பொருட்படுத்தியதே இல்லை. அந்தக் குரல் இல்லாத வார்டு எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆனால் அவளோடு வேலை செய்வது லேசான காரியமில்லை என்பது வார்டில் இருந்த உங்களுக்கும் தெரியும். சுவாசக் கருவியில் இருப்பவர் ஒருவருக்கு ஒரு தாதி என்பது விதி. அதற்குமேல் மகேஸ் எடுக்க மாட்டாள். "முடியாது சிஸ்டர், ஆள் அனுப்புங்க" என்று தலைமைத் தாதியிடமே சொல்லிவிடுவாள். அதோடு விடாமல் குறிப்பேட்டில் நேரம் போட்டு எழுதி, சிஸ்டரிடம் கையொப்பமும் வாங்கிவிடுவாள். அவள் மறுத்த நோயாளி என் தலையில் விழுவார். நான் சரியென்று தலையாட்டிவிட்டு, கேன்டீனில் உட்கார்ந்து அவளைத் திட்டித் தீர்ப்பேன்.

அப்படித் தலையாட்டிய ஒரு காலையில், நான் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தபோது, ஆறாம் கட்டிலில் இருந்த என் இன்னொரு நோயாளி தன் சுவாசக் குழாயைப் பிடுங்கிவிட்டார். பக்கத்துக் கட்டிலிலிருந்து மகேஸ்தான் பாய்ந்து வந்து, டாக்டர் வரும்வரை காற்றுப் பையை அழுத்தினாள். அவர் பிழைத்துக்கொண்டார். என் வேலை பிழைக்குமா என்பதுதான் தெரியவில்லை.

விசாரணையில், "ஏன் பக்கத்தில் இல்லை?" என்று கேட்டார்கள். யாரும் கூப்பிடாமலே மகேஸ் குறிப்பேட்டோடு உள்ளே வந்தாள். அன்று காலை அவள் எழுதியது அதில் இருந்தது: 'ஆறாம் கட்டிலுக்குத் தனி ஆள் கேட்டேன். தரவில்லை.' கீழே சிஸ்டரின் கையொப்பம். என் வேலை தப்பியது.

வெளியே வந்து மன்னிப்புக் கேட்டேன்.

"என்னைத் திட்டினது பரவால்லலா. நீ ஏன் முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லல?"

கேன்டீனுக்குக் கூட்டிப்போய் தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். சீனி அதிகம் என்று அதிலும் சண்டை பிடித்தாள்.

அவளைக் கடைசியாக வழியனுப்பிய மறுநாள் வேலைக்குப் போனேன். அவள் இடத்துக்கு யாரும் வரவில்லை. அவளுடைய நோயாளியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள்.

"முடியாது சிஸ்டர், ஆள் அனுப்புங்க" என்றேன். சிஸ்டர் தானே கையுறை மாட்டிக்கொண்டு அந்தக் கட்டிலருகே போய் நின்றார்.

நான் குறிப்பேட்டைத் திறந்து, மகேஸின் கையெழுத்துக்குக் கீழே நேரம் போட்டு எழுதினேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான். தாமதம்தான் மகேஸ், ஆனாலும் சொல்லிவிட்டேன்.