கன்றின் மூக்கைத் துடைப்பவர்

கன்றின் மூக்கை விபெகே துடைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய சொந்தக் கைக்குட்டையால். தொழிற்சாலையில் இதற்கென்றே கட்டுக்கட்டாகக் காகிதத் துணி வாங்கி வைத்திருக்கிறார்கள். அதை எடுத்து நீட்டினால், "சொரசொரன்னு இருக்கு. உன் மூக்க இதால தொடைப்பியா நீ?" என்று கேட்பார். நீட்டியவர் அதைத் திரும்பக் கட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

கன்று என்றால் நிஜக் கன்று அல்ல. காற்றாலை இறக்கையின் முதுகில் தானாக ஊர்ந்து போகும் சோதனை இயந்திரம். ஒரு தெருவையே அடைத்துக்கொள்ளும் நீளம் அந்த இறக்கைக்கு. மேல் ஓடு, கீழ் ஓடு என்று தனித்தனியாக வார்த்து, நடுவில் பசை வைத்து ஒட்டுவார்கள். உள்ளே பசை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று அதைப் பிளந்தா பார்க்க முடியும்? கன்று தன் மூக்கை இறக்கையில் வைத்து, நம் காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டுக்கொண்டே நகரும். பசை இருந்தால் திரையில் நீலம், இல்லாவிட்டால் சிவப்பு. ஒலி உள்ளே இறங்குவதற்கு மூக்கின் அடியில் எப்போதும் தண்ணீர் ஈரம் வேண்டும். அதனால் போகிற வழியெல்லாம் ஒழுகவிட்டுக்கொண்டே போகும். மாட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்த விபெகேவுக்கு அதற்கு வேறு என்ன பெயர் தோன்றும்?

அறுபதை நெருங்கும் வயது. நெடுநெடுவென்ற உயரம், முழங்கால் வரை மஞ்சள் ரப்பர் காலணி. கறுத்த ரை ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவி, மேலே ஊறவைத்த வெள்ளரித் துண்டு இரண்டை வைத்து, கன்றின் பக்கத்தில் நின்றபடியேதான் மதியச் சாப்பாடு. டென்மார்க்கின் இந்த யூட்லாந்துப் பக்கத்துக்காரர்கள் யாருமே வாயைத் திறந்து பேசுகிற ஜாதி இல்லை. இவரும் மனிதர்களிடம் அதிகம் பேச மாட்டார். பேச்சையெல்லாம் கன்றுக்காகச் சேர்த்து வைத்திருப்பார். "மெதுவாப் போடா, ரயிலா புடிக்கப் போற?" என்பார். கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி, இந்த இயந்திரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஒருமுறை கேட்டார். "பொய் சொல்லாது. ஆனா சில நாள் சரியாக் காது கேக்காது" என்றார் விபெகே.

அதுதான் விஷயம். பசை இல்லாவிட்டாலும் சிவப்பு, மூக்கில் தண்ணீர் வராவிட்டாலும் சிவப்பு. கன்றுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் சிவப்பு விழுந்த உடனே விபெகே நம்பிவிட மாட்டார். "எச்சில் வத்திருக்கும். தொடச்சுட்டு இன்னொரு தடவ போகட்டும்" என்பார். மூக்கைத் துடைத்து, தண்ணீர்க் குழாயை ஊதிப் பார்த்து, கன்றை மறுபடி அதே வழியில் அனுப்புவார். அப்போதும் சிவப்பு என்றால்தான் கையில் சிவப்புச் சாக்பீஸை எடுப்பார். யார் ஒட்டிய இறக்கையாக இருந்தாலும் இதே மரியாதை.

ஒட்டும் குழுவின் தலைவர் ஹோல்கர். விபெகேயின் கணவர். புருஷன் செய்ததில் பெண்டாட்டி குறை பார்க்காத வீடு எங்கே இருக்கிறது? இவர்கள் வீட்டில் அதற்குச் சம்பளமும் வருகிறது, அவ்வளவுதான். வாசல் தபால் பெட்டியைத் தாண்டிவிட்டால் பசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அதனால்தான் குடும்பம் ஓடுகிறது என்று ஊரில் சொல்வார்கள்.

அந்தத் தொழிற்சாலையில் தப்புச் செய்தவருக்குத் திட்டு கிடையாது, கேக்தான். யார் கைத்தவறால் வேலை கெட்டதோ அவர் வெள்ளிக்கிழமை காப்பி நேரத்துக்குக் கேக் கொண்டுவர வேண்டும். தன் முன்னால் வைத்துக்கொண்டு, தானே வெட்டி, எல்லோருக்கும் பரிமாற வேண்டும். தின்று முடித்த பிறகு அந்தத் தப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. கேக் கொண்டுவராத ஆளே அங்கே கிடையாது, ஹோல்கரைத் தவிர. இருபத்தைந்து வருடம் பசை பூசிய கை, ஒரு கேக்கைத் தூக்கியதில்லை. வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அடுத்தவர் கேக்கை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

அந்த இருபத்தைந்தாவது வருடம் நிறைவதைக் கொண்டாட ஒரு வெள்ளிக்கிழமை குறித்திருந்தார்கள். முந்தின நாள், ஹோல்கரின் குழு ஒட்டிய இறக்கையில் கன்று நடந்துகொண்டிருந்தது. பாதி தூரத்தில் திரையில் சிவப்பாக ஒரு பட்டை விழுந்தது. தரப் பிரிவின் தலைவர் மோகென்ஸ் பக்கத்தில் நின்றிருந்தார். ஒட்டும் குழுவினர் காப்பிக் கோப்பையோடு கூடிவிட்டார்கள். விபெகேயின் கை கைக்குட்டைக்குப் போனது.

"பாத்து விபெகே! இன்னிக்கு வீட்டுல உருளக்கெழங்கு வேகாது!" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. கைக்குட்டை பைக்குள் திரும்பிப் போனது. புருஷனுக்காக இழுத்தடிக்கிறாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. விபெகே குழாயை ஊதவில்லை, கன்றை மறுபடி அனுப்பவும் இல்லை. சாக்பீஸை எடுத்து இறக்கையின் மேல் பெரிதாக ஒரு கட்டம் போட்டார்.

"பசை இல்ல. காலைல வெட்டித் தெறந்துரலாம்."

ஹோல்கர் கட்டத்தின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "நீ சொன்னா சரிதான்" என்றார். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அவர் சமையலறையில் முட்டை அடித்துக்கொண்டிருந்தார். தேங்காய்த் துருவலையும் பழுப்புச் சர்க்கரையையும் வெண்ணெயில் காய்ச்சி மேலே பூசும் கேக். அந்தப் பக்கத்தில் அதைக் கனவுக் கேக் என்பார்கள். விபெகே மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். தபால் பெட்டி ஒப்பந்தம் இருப்பதால் இருவரும் வாய் திறக்கவில்லை. ஹோல்கர் கத்தியால் பாகைத் தட்டின் நான்கு மூலைக்கும் இழுத்து, ஓரங்களில் விட்டுப்போன இடத்தைக் குனிந்து தேடித் தேடிப் பூசினார். தப்புக்கான கேக்கையும் இப்படித்தான் செய்வாரா இந்த மனிதர்!

விபெகேயின் கத்தி பாதிக் கிழங்கில் நின்றது. அந்தச் சிவப்புப் பட்டை அளவுகோல் வைத்துக் கிழித்தது போல நேராக அல்லவா இருந்தது? பசை விட்டுப்போனால் சிந்திய கஞ்சி மாதிரி கோணல்மாணலாகத் தெரியும். நேர்கோட்டில் விட்டுப்போவது தண்ணீர்தான். முகம் தெரியாத ஆளுக்குக் கொடுக்கும் இன்னொரு தடவையைத் தன் புருஷனுக்குக் கொடுக்கவில்லை. அதைத்தான் நேர்மை என்று நினைத்திருந்தார்.

காலையில் ஹோல்கர் எழுவதற்கு முன்பே விபெகே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இறக்கையை வெட்ட வந்தவர் அறுக்கும் இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தார். விபெகே கட்டத்தின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

"வெட்டாத. மோகென்ஸக் கூப்புடு."

மோகென்ஸ் வந்ததும், "வேற யாரு ஒட்டினதா இருந்தாலும் திரும்ப அனுப்பியிருப்பேன். ஹோல்கரோடதுங்கறதால அனுப்பல. தப்பு என்னுது" என்றார். பிறகு கன்றின் மூக்கைக் கழற்றினார். தண்ணீர் வரும் துளையில் கண்ணாடி இழைத் துணுக்கு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுக் கன்றை அனுப்பினார். கட்டம் முழுக்க நீலம். துடைத்துவிட்டு மறுபடி அனுப்பினார். அப்போதும் நீலம்.

"அவனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடேன்" என்றார் மோகென்ஸ்.

"போன்ல சொல்ற விஷயமா இது?"

விழா நாயகர் ஒன்பது மணிக்குத்தான் வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஹோல்கர் வெள்ளைச் சட்டையில், கையில் கேக் தட்டோடு உள்ளே வந்தார். மேசை முழுக்கக் குட்டிக் கொடிகள். தட்டைப் பார்த்தவர்கள் பார்க்காதது போல் காப்பி ஊற்றிக்கொண்டார்கள். ஹோல்கர் உட்கார்ந்து தட்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். விபெகே எதிரே வந்து நின்று வாயைத் திறப்பதற்குள் அக்கார்டியன் வாசிப்பு தொடங்கிவிட்டது. விழா என்றால் பாட்டு எழுதுவார்கள். இதுவும் மூன்று வாரத்துக்கு முன்பே அச்சடித்து வைத்த பாட்டு. எல்லோரும் காகிதத்தைப் பார்த்துப் பாடினார்கள். நான்காவது சரணம் வந்தது.

"கால் நூறு வருஷம் ஓடிப் போச்சு, ஹோல்கர் கேக்கு மட்டும் வரவே இல்ல!"

முதல் இரண்டு வார்த்தையோடு குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கிப்போயின. அக்கார்டியன் மட்டும் தர்மசங்கடமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஹோல்கர் கத்தியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கிறிஸ்துமஸ் அன்று தேவாலயத்தில்கூட உதட்டை மட்டும் அசைக்கிறவர் விபெகே. அவர் கொடிகளையெல்லாம் சரித்துக்கொண்டு மேசையின் குறுக்கே குனிந்து, கேக் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். கணவரின் கையிலிருந்து கத்தியையும் வாங்கிக்கொண்டு, அந்த வரியை முதலிலிருந்து, சுருதி சேராத பெருங்குரலில், தனியாகப் பாடினார்.