பதில் வராத விமர்சனம்

எங்கள் அத்தை ஒரு புத்தகத்துக்கு விமர்சனம் எழுத உட்கார்ந்தால், அதை எழுதியவர் பாடு திண்டாட்டம்தான். வாரம் முழுக்கத் திருச்செங்கோட்டுக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை சிற்றிதழுக்கு எழுதுவாள். எழுதும் முதல் படியில் வசவு கொட்டிக் கிடக்கும். அப்புறம் சிவப்பு மையால் ஒவ்வொரு வசவாக அடிப்பாள். ருசியானதையெல்லாம் அடித்துவிடுகிறாளே என்று எனக்கு வயிறெரியும்.

“கோவம் நமக்கு வரக்கூடாது சாமி. படிக்கறவங்களுக்குத்தான் வரோணும்” என்பாள்.

ஒரு முறை மாட்டியவர் ஆத்தூர்க்காரர். சவ்வரிசி ஆலையில் வேலை. இறந்துபோன மனைவியைப் பற்றிக் கவிதைகள் எழுதி, முதல் புத்தகம் போட்டிருந்தார். அத்தை அதில் இருப்பதிலேயே சொத்தையான நான்கு வரிகளை எடுத்துப் போட்டு, கீழே ‘இவ்வளவுதான்’ என்று முடித்தாள். ‘இவருக்கு எழுத வரும்’ என்றும் முதல் படியில் ஒரு வரி இருந்தது. அடியின் வேகம் குறைகிறது என்று அதையும் அடித்துவிட்டாள். அந்த ஒரு அடித்தல் மட்டும் எனக்குச் சரியாகப் பட்டது.

இதழ் வந்ததும் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாராட்டிப் போன் மேல் போன் வந்தது. அத்தை மட்டும் ஆத்தூர்க்காரரின் பதிலுக்காகத் தபாலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மனுஷன் ஒரு வரி எழுதவில்லை.

அப்புறம் ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, என்னையும் கூட்டிக்கொண்டு நேரே ஆலைக்கே போய்விட்டாள். அவர் கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார்.

“அடுத்த புஸ்தகம் எப்பங்க?” என்றாள் அத்தை.

“அதெல்லாம் விட்டுட்டேன் மேடம். நீங்க எழுதினது நூத்துக்கு நூறு சரி.”

“இல்லீங்க, உங்களுக்கு எழுத வருமுங்க.”

“பரவாயில்ல மேடம். இவ்வளவு தூரம் தேடி வந்தவங்க வேற எப்படிச் சொல்லுவீங்க?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. கிளம்பும்போது என் கையில் ஒரு பொட்டலம் சவ்வரிசி கொடுத்தார்.

சேலம் பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள். எதிராளியே தோற்றேன் என்று சொல்லியாயிற்று, இதில் அழ என்ன இருக்கிறது! பொட்டலத்தை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அவள் கையைச் சுரண்டினேன்.

“ஊட்டுக்குப் போனதும் இதுல பாயசம் வெய்யுங்க அத்தை. நாமதான ஜெயிச்சோம்?”